துரைசானிக்குக் கதிரடி

அமுதா,

போனில் பேசிப் பார்த்தாகிவிட்டது. நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "அப்பா, பிராக்டிஸுக்குக் கூப்புடறாங்க, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நீ பாதியில் மடித்து வைத்தாலும் மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலேயே இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவளக்குப்பம் மைதானத்தில் செல்வி உன்னைத் தலைகீழாகத் தூக்கப் போகிறாள். உன் தலை அவள் தொடைகளுக்கு நடுவே இருக்கும், அப்படியே அவள் ரிங்கின் பலகையில் உட்காருவாள். அதற்கு முன்னால் நீ அவள் வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் 'போ' என்றதும் போகிற பெண்ணாக உன்னை நான் வளர்க்கவில்லை, காரணம் கேட்பாய். அந்தக் காரணத்துக்குத்தான் இத்தனை பக்கம். நீ பழகுகிற கேம்புக்கு அரிசி ஏற்றிப் போகிற வண்டியில், உறையை ஒட்டாமலே கொடுத்து அனுப்புகிறேன். உன்னோடு இருக்கிற பெண்கள் படித்தாலும் சரி, நம் மல்யுத்தக் கம்பெனிக்காரர் பிரித்துப் படித்துவிட்டு என் மேல் எரிந்து விழுந்தாலும் சரி, எனக்கு இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை.

நீ விழுப்புரத்தில் போய் உட்கார்ந்திருப்பதால் இங்கே ஊர் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. கோரிமேட்டு எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் சுவரிலேயே நீதான் இருக்கிறாய், அதுவும் தலைகீழாக. தொப்பி கீழே, பூட்ஸ் மேலே, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'துரைசானிக்குக் கதிரடி'. கருவடிக்குப்பத்தில் நம் சந்து முனை வரைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் போஸ்டரில் யாரோ உன் கழுத்தின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை, பிறகு போஸ்டரையே கிழித்துப் போட்டேன். தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் டீ குடிக்க நின்றால் முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் என்னிடம் வந்து பேசுகிறார்கள். "இன்னா ரெஃப்ரி பெருசு, இந்த வாட்டியாவது பொண்ணு பக்கம் சாயாம ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவியா?" என்றான் ஒருவன். "அவரு எண்றதுக்கு இன்னா இருக்குது, அதான் மண்ட ஒடையப் போவுதே" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தொழில் அப்படி.

துரைசானி வேஷத்தில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இதை உன் முகத்துக்கு நேராக நான் சொன்னதில்லை, சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று பயம். நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு சும்மா இருந்த என்னைக் கம்பெனிக்காரர் ரெஃப்ரி ஆக்கியதே, பெண் பிள்ளைக்குத் துணையாக இந்த ஆள் எப்படியும் கூடவே வரத்தான் போகிறான், கோடு போட்ட சட்டை ஒன்றை மாட்டிவிட்டால் என்ன என்ற யோசனையில்தான். ஆனால் ரிங்குக்குள் கையெட்டும் தூரத்தில் நின்று உன்னைப் பார்க்கிற பாக்கியம் எனக்கு மட்டும்தான் கிடைத்தது. செல்வியோடு கபடி ஆடிக்கொண்டிருந்த பெண் பிரான்ஸுக்குப் போய் வந்ததும் தமிழையும் மறந்து தோழியையும் மறந்து துரைசானி ஆகிவிட்டாள் என்பது கம்பெனிக்காரர் கட்டிய கதை. நீ பார்த்த பிரான்ஸ் கடற்கரைச் சாலையோடு சரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற நம் சந்து சொல்தாவின் வீட்டம்மாள்தான் உனக்குக் குடையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, 'பொன்ழூர்' என்பதை எப்படி மூக்கால் சொல்வது என்று சொல்லிக் கொடுத்தாள். மீதி எல்லாம் நீயே உண்டாக்கியது.

வெள்ளைக் கையுறையோடு வந்து நின்று, கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் என்னை விரலால் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்வாய். நான் கைக்குட்டையை எடுத்துத் துடைப்பேன், மைதானமே என்னைத் திட்டும். பிறகு கையுறையை விரல் விரலாகக் கழற்றி, அதாலேயே செல்வியின் கன்னத்தில் ஓர் அறை. வலிக்கவே வலிக்காத அறை, ஆனால் ஜனங்கள் பொறுத்துக்கொள்ளாதது அதைத்தான். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் குடையின் வளைந்த பிடியைப் போட்டு அவள் காலை வாருவாய். திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பிக்கொள்வதுதான் என் உத்தியோகமே. அவள் குப்புற விழுந்ததும் அவள் முதுகில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அவள் தாடையைப் பின்னுக்கு இழுத்தபடி இன்னொரு கையால் விசிறிக்கொள்வாய். 'நாற்காலி' என்று அதற்கு நீ வைத்த பெயர். உண்மையில் உன் எடை முழுவதும் நீ ஊன்றிய காலில் நிற்கும், அவள் முதுகில் ஒரு பூனைக்குட்டி எடைகூட இறங்காது. கடைசியில் மூலைக் கம்பத்தில் ஏறிக் குடையை விரித்துக்கொண்டு குதிப்பாய். உன் முழங்கால் அவள் மார்பில் இறங்கியதாக ஜனங்கள் நினைப்பார்கள், அது அவள் விலாவுக்குப் பக்கத்துப் பலகையில் இறங்கும், பலகை போடுகிற சத்தத்துக்கு ஏற்ற மாதிரி அவள் சுருண்டு துடிப்பாள். அடிக்கிறவள் நீ, அந்த அடியை உண்மையாக்குகிறவள் அவள். ஊர் உன்னை வெறுக்கிறது என்றால் பாதி அவள் கைவரிசை. இதை நீ மறந்துவிட்டாயோ என்று எனக்குத் தோன்றுகிறது.

செல்வி உனக்குப் பள்ளிக்கூடத்துக் கபடி டீமில் கிடைத்தவள். கேபிள் டி.வி.யில் வெள்ளைக்காரப் பெண்கள் கட்டிப் புரள்வதைப் பார்த்துவிட்டு, அவள் அப்பாவின் களத்தில் குவித்திருந்த உமியில் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டுக்கொண்டு, தலை முழுக்க உமியோடு ஒரே சைக்கிளில் வந்து வாசலில் நிற்பீர்கள். கதிரடி பிறந்தது அங்கேதான். நெற்கட்டைத் தலைகீழாக்கிக் களத்தில் அடிப்பதுபோல் ஆளைத் தூக்கி அடிப்பது. தூக்குகிறவள் உன் இடுப்பைக் கட்டிக்கொள்ள, உன் தலை அவள் தொடைகளுக்கு நடுவில் மறைகிறது. அவள் உட்காரும்போது அவளுடைய பின்பக்கமும் தொடையும் பலகையில் மோத வேண்டும், உன் உச்சந்தலை பலகையைத் தொடவே கூடாது. தொங்குகிறவளுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாது, கை உதவாது, கத்துவதற்கு வாயைத் திறந்தால் நாக்கு கடிபடும். அந்த நேரத்தில் உன் கழுத்து உன்னுடையது இல்லை. கம்பெனியில் மற்ற பெண்களுக்கு அவள் எத்தனையோ தடவை கதிரடி கொடுத்திருக்கிறாள், ஒருத்திக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. மேடையில் உன்னை மட்டும் இதுவரை அடித்ததில்லை. அவள் தூக்க வரும்போதெல்லாம் கடைசி நிமிஷத்தில் நீ நழுவிவிடுவாய், அதுதான் கதை. நழுவ நழுவத்தான் கூட்டம் பெருகியது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ நழுவப் போவதில்லை.

எங்கள் ரெஃப்ரி வேலையில் ஜனங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு, உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். ஒருத்தி விழுந்து கிடக்கும்போது நான் பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையை எடுத்துப் பார்ப்பேன். மயங்கிவிட்டாளா என்று பார்ப்பதாக ஜனங்கள் நினைப்பார்கள். நான் அவள் உள்ளங்கையை ஒரு தரம் அழுத்துவேன். அவள் திருப்பி அழுத்தினால் நல்லபடி இருக்கிறாள், ஆட்டம் நடக்கலாம். அழுத்தாவிட்டால் உண்மையிலேயே அடிபட்டிருக்கிறது, நிறுத்த வேண்டும். 'கை கேட்பது' என்போம். செல்வி எப்போதும் கொஞ்சம் பலமாகவே அழுத்துவாள், சில சமயம் கிள்ளியும் விடுவாள். முகத்தில் சாகப் போகிறவளின் வேதனை இருக்கும், கை மட்டும் விளையாடும். உன் நகம் அவள் மேல் பட்டுவிட்டால் நீ என் மூலமாக 'சாரி' சொல்லி அனுப்புவாய், அவள் என் மூலமாகவே உனக்கு ஒரு வசவு அனுப்புவாள். தபால்காரன் வேலையும் சேர்த்துத்தான் எனக்கு.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. கம்பெனிக்காரர் நம் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "ரிங்குக்கு வெளியவும் நீங்க ரெண்டு பேரும் எதிரிங்கதான். ஒரு பஸ்ல, ஒரு டீக்கடையில ஒண்ணா பாத்துட்டாங்கன்னா அப்புறம் எவனும் வந்து ஒக்காரமாட்டான்." ஆரம்பத்தில் அது உங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. தவளக்குப்பம் மார்க்கெட்டில் நீ குடையோடு போய் நிற்க, காய்கறிக்காரம்மா உனக்குத் தக்காளி கொடுக்க மாட்டேன் என்று சொல்ல, செல்வி அதே கூடையிலிருந்து ஒன்றை எடுத்து உன் முதுகில் வீச, ஊரே கைதட்டியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தத் தக்காளிக் கறையைத் துவைத்துக்கொண்டே நீ சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. கடலூர் பஸ்ஸில் நீ முன் சீட்டிலும் அவள் கடைசி சீட்டிலுமாக உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுத்து விளையாடுவீர்கள். கொஞ்ச காலத்தில் மிஸ்டு காலும் குறைந்தது. அவள் வீட்டுப் பக்கத்துப் பையன்கள் நம் சந்தில் வந்து கல் வீசினார்கள், நம் ஆட்கள் பதிலுக்கு அவர்கள் பேனரைக் கிழித்தார்கள். கம்பெனிக்காரருக்குப் பரம சந்தோஷம். நடிக்கச் சொன்னது உங்கள் இரண்டு பேரை, நடிப்பு என்று தெரியாமல் சேர்ந்துகொண்டது இரண்டு ஊர்.

உன் அம்மா போன அன்றைக்கு நீ பள்ளிக்கூடப் பெண், உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. செல்வியின் அப்பா களத்து வேலையை அப்படியே போட்டுவிட்டு, வேட்டியில் சேறோடு வந்து நின்றார். விறகுக்குச் சொல்வதிலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது வரை அவர்தான் பார்த்தார். செல்வி உன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள், கருமாதி முடிகிற வரை வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். அவர்கள் வேறு ஆட்கள், நாம் வேறு ஆட்கள், ஒரு முறையும் கிடையாது. அப்படியும் வந்தார்கள்.

அந்த மனிதர் நெஞ்சு வலி என்று சாய்ந்து, கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, நான் உன்னைக் கிளம்பு என்றேன். நீ செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி சொன்னாய்: "கம்பெனியில போகக்கூடாதுன்னுட்டாங்கப்பா. அந்த ஊரு ஆளுங்க அத்தன பேரும் இருப்பாங்க. துரைசானி போயி அவளக் கட்டிப் புடிச்சி அழுதா எல்லாம் முடிஞ்சிச்சி. நான் போன்ல பேசிட்டேன். அவளே வராதன்னுதான் சொன்னா." அமுதா, நம் ஜனங்களில் அப்பாவைப் பறிகொடுத்தவள் 'வராதே' என்று சொன்னால், அதை வாசலைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள். வரப்புத் தகராறில் வெட்டிக்கொண்டவர்கள்கூட ஒரு சாவு என்றால் மாலையோடு வந்து நிற்கிறார்கள். அதற்குப் பிறகு மறுபடி பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அது வேறு. ஆனால் வந்துவிடுகிறார்கள். துக்கத்தைப் போனில் விசாரித்தது கணக்கில் வராது என்று உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் மட்டும் போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "துரைசானி அப்பன் வந்துட்டான்டா" என்று யாரோ முனகியது காதில் விழுந்தது. மாலையைப் போட்டேன். செல்வி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே பறை அடிக்கிறவர்கள் மட்டும் நின்றார்கள். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சுடுகாடு வரை போய்விட்டு வந்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கருமாதி முடிந்து அவள் மறுபடி ஆட வந்த முதல் நாள், கம்பெனிக்காரர் உன் கையில் ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்று நான் மேடையில்தான் பார்த்தேன். கருப்பு கவுன், முகத்தில் கருப்பு வலை, கையில் மலர் வளையம். நடுமேடையில் அதை வைத்துவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டு, மூக்கால் ஏதோ பிரெஞ்சு மாதிரி முணுமுணுத்துவிட்டு, மண்ணைத் தொட்டுவிட்டதுபோல் கையுறையைத் தட்டிவிட்டாய். மைதானம் கொதித்தது. நாற்காலிகள் பறந்து வந்து கயிற்றில் மோதின. நீ அதற்கெல்லாம் அசையாமல் குடையை விரித்துக்கொண்டு நின்றாய். நல்ல நடிப்பு, ஒரு குறையும் சொல்ல முடியாது. "அந்தப் பொண்ண கேட்டுக்கிட்டுதான் செஞ்சேன், சரின்னு தல ஆட்டிச்சி" என்று கம்பெனிக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். அப்பா இல்லாத வீட்டில், அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்கிற பெண் தலையை ஆட்டாமல் வேறு என்ன செய்வாள்?

அன்றைக்கு 'நாற்காலி'யிலிருந்து நீ எழுந்து போன பிறகு அவள் மல்லாந்து புரண்டு கிடந்தாள், நான் பக்கத்தில் மண்டியிட்டுக் கை கேட்டேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். அவள் கை என் கைக்குள் அப்படியே கிடந்தது. முதுகில் ஏதோ ஆகிவிட்டது என்று ஆட்டத்தை நிறுத்தக் கையைத் தூக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் கண் திறந்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. ஒரு வலியும் இல்லாமல், மேலே தொங்குகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு தானாகவே எழுந்து போனாள். மேடைக்குப் பின்னால் கேட்டதற்கு, "மறந்துட்டேன் மாமா" என்றாள். அன்றிலிருந்து இன்று வரை அவள் கை எனக்குப் பதில் சொல்லவே இல்லை. அடுத்த ஆட்டத்தில் உன் காது மடல் கிழிந்து ரத்தம் வந்தது, "கை வழுக்கிடுச்சிப்பா" என்று நீயே அவளுக்காகப் பேசினாய். அதற்கடுத்த ஆட்டத்தில் முழங்கை பட்டு உன் கடைவாய்ப் பல் ஆடியது. இரண்டு தடவையும் அவளிடமிருந்து என் மூலமாக ஒரு 'சாரி'யும் வரவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்ததால் கவனித்தேன்.

கதிரடியைச் சேர்ந்து பழகிப் பார்ப்பதற்கு அவளைக் கேம்புக்கு வரச் சொன்னதற்கு, "அது எனக்குத் தெரிஞ்சதுதான" என்று சொல்லிவிட்டாளாம். இதைக் கேட்ட பிறகுதான் கம்பெனிக்காரரைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கதிரடியை எடுத்துவிடுங்கள், வேறு எப்படி வேண்டுமானாலும் என் பெண் தோற்கட்டும் என்றேன். அவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "போஸ்டர் ஒட்டியாச்சி பெருசு. ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் புகையட்டும், அதுதான் ஆட்டத்துக்கு நல்லது. அத்தன பேரத் தூக்கினவ, அவளுக்குத் தூக்கத்துலகூட பிசகாது." பிசகிவிடும் என்று நான் சொல்லவேயில்லை. பிசகாமல் செய்துவிடுவாளோ என்றுதான் என் பயம். அதை உனக்கு எழுதிவிட்டேன்.

ஆட்டத்தை விட்டு ஓடி வா என்று சொல்லவில்லை. சொன்னாலும் நீ கேட்கமாட்டாய், இந்த ஆட்டம் முடிந்தால் பம்பாயில் டி.வி. கம்பெனி கூப்பிடும் என்று உனக்கு ஆசை காட்டியிருக்கிறார்கள். அதுவும் தவிர, ஓடினால் ஞாயிற்றுக்கிழமைதான் போகும், செல்வி மனசில் இருப்பது அப்படியே இருக்கும். செல்வியைக் கெட்டவள் என்றும் நினைக்காதே. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே இன்னும் முடிவாகத் தெரியாமல் இருக்கலாம். உன்னைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்திருக்கும்போது, சுற்றி அத்தனை பேரும் 'அடி, அடி' என்று கத்தும்போது, அவளுக்கு எது ஞாபகம் வரும் என்பதுதான் எல்லாம். மலர் வளையம் ஞாபகம் வரக்கூடாது. அதற்கு நீதான் ஏதாவது செய்ய முடியும், நானோ கம்பெனிக்காரரோ செய்ய முடியாது. நான் பக்கத்தில் நிற்பேனே என்று தைரியமாக இருக்காதே. அவள் உட்கார ஆரம்பித்துவிட்டால் என் கை எட்டாது. எட்டினாலும் பாதியில் பிடித்து இழுத்தால் கழுத்து இன்னும் மோசமாகத் திருகிக்கொள்ளும்.

அதனால் சனிக்கிழமை போ. குடை வேண்டாம், பவுடர் வேண்டாம். பகலில், தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் இறங்கி, எல்லோரும் பார்க்க நடந்து போ. திட்டுவார்கள், கேட்டுக்கொள். வாசலில் நின்று கூப்பிடாதே, நேராக உள்ளே போ. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், கையைத் தட்டிவிட்டாலும், கட்டிக்கொண்டு உட்கார். என்ன சொல்வது என்று யோசிக்காதே, அவர் உன் அம்மாவுக்கு வந்ததை நினைத்தால் தானாக அழுகை வரும். இத்தனை நாள் கழித்து எப்படிப் போவது என்று கூச்சப்படாதே, துக்கத்துக்குப் பிந்திப் போகிறவளைத் திட்டுவார்களே தவிரத் துரத்தமாட்டார்கள். இதனால் கம்பெனியின் கதை கெட்டுப் போகும், டிக்கெட் விற்காது, பம்பாய்க்காரனும் வரமாட்டான். வராமல் போகட்டும். நம் வீட்டுக் கஞ்சியை யாரும் பிடுங்கிக்கொண்டு போகப் போவதில்லை.

நேற்றுக் காலையில் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். உனக்குச் சொல்லாமல்தான் போனேன், பேசினால் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. வீட்டுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு தவிட்டு மூட்டையை வைத்துக்கொண்டு செல்வி தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். கட்டிப் பிடித்துத் தூக்கித் தலைகீழாக்கி, அப்படியே உட்கார்ந்தாள். எழுந்தாள், மறுபடி தூக்கினாள். மூட்டையின் தலைப்பக்கம் அவள் தொடைக்குக் கீழே ஒரு சாண் தொங்கியது. ஒவ்வொரு தடவையும் அதுதான் முதலில் தரையில் மோதியது. சாக்கு அந்த இடத்தில் கிழிந்து தவிடு நாலா பக்கமும் கொட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு "வாங்க மாமா" என்றாள். உட்காரச் சொல்லி மோர் கொண்டு வந்து கொடுத்தாள். "அமுதா நல்லா இருக்குதா?" என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன். பிறகு மெதுவாக, "மூட்ட ரொம்பக் கீழ எறங்குதும்மா" என்றேன். அவள் கிழிந்த சாக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மூட்டதான மாமா" என்றாள்.

மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வரும்போது அவளும் கூடவே வந்தாள். வெயிலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்.

"மாமா, ஞாயித்துக்கிழம மட்டும் நீங்க வர வேணாம். வேற யாரையாவது எண்ணச் சொல்லுங்க."

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க எங்கப்பா சாவுக்கு வந்தவரு" என்றாள்.

சனிக்கிழமை வரைகூட வேண்டாம், உடனே கிளம்பி வா, அமுதா.

அப்பா